வகுப்பறையில் கருவியும் குரலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசிப் பழகிய இம்மேடையில் கரும்பலகைக்கும் கணினிக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். விழாக்குழுவினர் இத்தலைப்பை எனக்களித்தபோது நானும் சற்றுத் தயங்கினேன். பிறகு ஒன்று தோன்றியது. நம் மக்களுள் மிகப் பலர் ஒரு கவிதையை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் வகுப்பறை. அவர்களுள் பெரும்பாலோர் அதனைக் கடைசியாகச் சந்திக்கும் இடமும் அதுவே. பள்ளியை விட்ட பின் கவிதை நூலொன்றை விலைகொடுத்து வாங்குவோர் எத்தனை பேர் என்பதை இங்குள்ள கவிஞர்கள் என்னிலும் நன்றாக அறிவார்கள். ஆகவே, வகுப்பறையில் எந்தக் கருவி வருகிறது, எது போகிறது, எந்தச் சீர்திருத்தம் எதனை மாற்றுகிறது என்பன ஆசிரியர்களின் வீட்டுச் செய்திகளாக மட்டும் இருக்க முடியாது. நாளைய வாசகன் அங்கேதான் உருவாகிறான். அல்லது உருவாகாமல் போகிறான்.

ஆசிரியர்கள் கூடுமிடங்களில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். குறுவள மையக் கூட்டங்களில் காலை முழுவதும் சுற்றறிக்கைகள் படிக்கப்படும். உண்மையான கல்வி மாநாடு தேநீர் இடைவேளையில்தான் நடக்கும். பாட்டில் மூடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதிச் சொல் கோக்கச் செய்ததை ஒருவர் கூறுவார். பழைய திருமண அழைப்பிதழ்களின் பின்புறம் மின்னட்டைகளாக எத்துணைக் காலம் உழைக்கும் என்று இன்னொருவர் காட்டுவார். மற்றொருவர் கைப்பேசியை எடுத்து, பிள்ளைகள் நடித்த ஒரு பாடத்தின் படக்காட்சியை ஓட்டுவார். 'எங்கள் பள்ளியில் இது நடக்காது' என்று ஒருவர் சொல்வார், 'ஏன் நடக்காது?' என்று மூவர் சூழ்ந்துகொள்வார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு மூன்று நல்ல உத்திகள் கைமாறிவிடும். எந்த அறிக்கையிலும் அவை இடம்பெறுவதில்லை.

இந்தக் கைமாற்றத்தை அளக்க நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்தை இலக்கணம் பயின்றோர் அறிவர். நூலின் இலக்கணம், ஆசிரியன் இலக்கணம், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன் இலக்கணம், பாடம் கேட்கும் முறை என்று ஐந்தையும் அது வகுத்துரைக்கிறது. அங்கே ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியன் உரைத்ததை முழுமையாக உள்வாங்கினாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். ஆசிரியருக்குக் கால், தோழருக்குக் கால், சொல்லிப் பார்ப்பதற்கு அரை. ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பணிவைக் கற்பிக்கும் கணக்கு இது.

வகுப்பறைக்குள் நுழையும் எந்தக் கருவியையும், எந்தச் சீர்திருத்தத்தையும் இந்தக் கணக்கில் நிறுத்துப் பார்க்கலாம் என்பதே இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து. அது கால் பங்கைப் பெருக்குகிறதா? அரைப் பங்கிற்கு இடம் விடுகிறதா? பிள்ளையை வாய் திறக்கச் செய்கிறதா, மூடச் செய்கிறதா?

திண்ணைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்த கருவிகள் மணல், ஓலை, எழுத்தாணி, அண்ணாவியாரின் கைப்பிரம்பு. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. செய்யுள் அடி பிரியாமல் ஓலையின் நீளத்திற்கு ஓடும். வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒருவர் அருகில் இல்லாவிட்டால் சுவடி திறவாது. ஓலை என்னும் கருவி தன் குறையினாலேயே ஒரு குரலை வேண்டி நின்றது. அச்சு வந்ததும் புள்ளி வந்தது, இடைவெளி வந்தது, அடிகள் பிரிந்தன. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சுவடி பெற்றோர் சிலருக்கு மட்டும் எட்டிய நூல் படிக்கத் தெரிந்த எவர்க்கும் எட்டியது. இது பெரும்பேறு. ஆனால் அந்நாள் முதல், தனியே அமர்ந்து வாய் மூடிப் படிக்கும் பழக்கமும் நம்மிடையே வேரூன்றியது.

மணலைப் பற்றியும் ஒரு சொல். மணலில் எழுதும் பிள்ளையின் பிழை நிலைப்பதில்லை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போய்விடும். சிலேட்டும் அத்தகையதே. எச்சில் தொட்டு அழித்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறோம். குறிப்பேடு வந்த பிறகுதான் பிழை சிவப்பு மையில் நிலைபெற்றது. அடித்தும் திருத்தியும் எழுதிப் பழகிய கவிஞர்களுக்கு, அச்சமின்றிப் பிழை செய்ய ஓர் இடம் வேண்டும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

இந்த மணல்தான் நம் மண்ணிலிருந்து உலகுக்குச் சென்ற முதல் வகுப்பறைத் தொழில்நுட்பம். ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தார். உதவி ஆசிரியர்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. எனவே ஒரு சிறுவனைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் அவ்வழக்கம் நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை என்ற பெயரில் முன்பே இருந்ததுதான். தம் சோதனையை 1797-இல் இலண்டனில் அவர் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

அங்கே அதற்கு என்ன நேர்ந்தது என்பது நமக்குப் பாடம். ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் அமர்த்தும் வழியாக அது கொண்டாடப்பட்டது. பிள்ளை பிள்ளைக்கு விளக்குவது என்பது, கட்டளையை வரிசை வரிசையாகக் கடத்துவதாகச் சுருங்கியது. இயந்திரம் போன்றது என்ற கண்டனமும் எழுந்து, காலப்போக்கில் அது கைவிடப்பட்டது. முறை கடல் கடந்தது. அதற்குள் இருந்த அரைப் பங்கு கரையிலேயே நின்றுவிட்டது.

திண்ணையை நான் புகழ்ந்துகொண்டே போவதாக எண்ணிவிடக் கூடாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கின்படி, அன்றைய சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக அவருடைய 1826-ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. அவர்களுள் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அத்திண்ணைகள் பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருந்தன. அந்த உயரத்தைக் குறைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் வேண்டியிருந்தது. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் விரிந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகளைப் பள்ளிக்குள் அழைத்து வந்த அளவுக்கு எந்த மின்கருவியும் அழைத்து வரவில்லை. கருவிகளின் வரலாற்றை யாரேனும் எழுதினால் சோற்றுப் பானையை முதல் அத்தியாயத்தில் வைக்கவேண்டும்.

விடுதலைக்குப் பிந்திய சீர்திருத்தங்களுள் நான் தங்கிப் பேச விரும்புபவை இரண்டு. முதலாவது, 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை அடுத்து 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் எக்காலத்துக்கும் ஏற்ற இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், இன்றியமையாத கற்பித்தல் கருவிகள் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். நிலப்படமும் உருண்டையும் அறிவியல் பெட்டியும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. வந்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும், தலைமையாசிரியர் கையெழுத்திடுவார், பின்பு அலமாரிக்குள் போகும், சாவி அவர் இடுப்பில் தொங்கும். இதனை ஆசிரியரின் சோம்பலென்று கூறுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். உருண்டை உடைந்தால் தணிக்கையில் பதில் சொல்லவேண்டியவர் அவர். உருண்டையைப் பிள்ளைகள் ஓராண்டு முழுவதும் தொடாவிட்டால் அவரை எவரும் கேட்கமாட்டார்கள். அலமாரியைப் பூட்டியது அந்த ஏற்பாடு.

இரண்டாவது, செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கைச் சுற்றிய சிற்றூர்ப் பள்ளிகளில் உருவான ஒரு முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் நேரில் சென்று கண்டு வந்தனர். 2003-இல் சில பள்ளிகளில் அதனைத் தொடங்கிப் பார்த்தார்கள். பாடநூல் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்ட ஒரு கற்றல் ஏணி. பிள்ளை வட்டமாகப் பாயில் அமர்ந்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துவரும். சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும்படி கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகளின் படங்களும் எழுத்துகளும் அதில் தொங்கும். வருகைப் பதிவைக்கூடப் பிள்ளை தானே இட்டுக்கொள்ளும்.

அந்தக் கீழ்மட்டக் கரும்பலகையை நான் முதலில் கண்டபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் நீங்கவில்லை. விலை என்று பார்த்தால் சிறிது கறுப்புச் சாயம்தான். ஆனால் அதுவரை ஆசிரியரின் உயரத்தில் இருந்த எழுதும் உரிமை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி வந்தது. பலகையைக் கண்டுபிடித்தவரைக் காட்டிலும் அதனைக் கீழே இறக்கியவரே பெரியவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2007-இல் அது மாநிலம் முழுவதிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் மன வரைபடமும் குழு உரையாடலும் வந்தன. இங்கேதான் ஆசிரியர்களின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகளின் அச்சம் போயிற்று என்றனர் ஒரு சாரார். அட்டைகள் கிழிகின்றன, பெற்றோர் புத்தகம் எங்கே என்று கேட்கின்றனர், ஏணிதான் இப்போது புதிய பாடத்திட்டமாகிவிட்டது என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் தம் கண்ணால் கண்டதையே கூறினர். வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. தொடக்கத்தில் அட்டைகளைத் தாமே வெட்டி, எழுதி, பிள்ளைகளிடம் சோதித்துத் திருத்தியவர்கள் ஒரு சிலர். அச்சிட்ட அட்டைகளை ஆணையோடு பெற்றுக்கொண்டவர்கள் பல்லாயிரவர். முன்னவர்கள் நன்னூலின் அரைப் பங்கை அடைந்தவர்கள். பின்னவர்களுக்குக் கிட்டியது கால் பங்கு. பகிர்வால் பிறந்த ஒன்று ஆணையால் பரவும்போது நிகழும் இழப்பு இது. எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

மற்றவற்றை விரைந்து கடக்கிறேன். மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டம், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2011 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பாலும் சமச்சீர்க் கல்வி என்று ஒன்றாயிற்று. 2012-இல் முப்பருவ முறை வந்து, சிறு பிள்ளைகளின் புத்தகப் பையின் எடை குறைந்தது. 2017-இல் பொதுத் தேர்வுகளில் முதலிடம் பெற்றோர் பட்டியல் வெளியிடும் வழக்கம் நின்றது. செய்தித்தாள்களில் ஒரு பிள்ளை இனிப்பு ஊட்டப்படும் படத்தைக் கண்டு ஓராயிரம் பிள்ளைகள் தலைகுனிந்த நாள்கள் முடிந்தன. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வை நீக்கியது. இவற்றுள் பலவற்றை ஆசிரியர்களும் கல்வியாளர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தனர் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2018-இல் வந்த புதிய பாடநூல்கள் நமக்கு நெருக்கமானவை. பேராசிரியர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த பாடத்திட்டத்தின்படி அமைந்தவை. அப்பக்கங்களின் ஓரத்தில் சதுரமாக ஒரு விரைவுக் குறியீடு இருக்கும். கைப்பேசியால் அதனை வருடினால் ஒரு காணொலி திறக்கும். முன்பு ஓலை குரலை வேண்டி நின்றது. இப்போது அச்சுப் பக்கமே தன் மூலையில் ஒரு குரலை மறைத்து வைத்திருக்கிறது. இது பெரிய வாய்ப்பு. ஆயின் வகுப்பறையில் நடப்பது வேறு. செய்யுள் பகுதிக்கு வந்ததும் இசையமைத்த பாட்டு ஒலிக்கிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், மணி அடிக்கிறது. கால் பங்கு இனிமையாக முடிந்துவிட்டது. மீதி முக்கால் பங்கிற்கு நேரமில்லை.

பிறகு 2020 மார்ச் வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் 2019-இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. கைப்பேசிக் குழுக்களில் பயிற்சித் தாள்கள் வந்தன. வீட்டில் ஒரே கைப்பேசி; அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இரவு அவர் திரும்பியபின் மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருப்பார்கள். பள்ளி திறந்து பிள்ளைகள் வந்தபோது நாங்கள் கண்டது எழுத்து மறந்த நிலையை மட்டுமன்று. பல பிள்ளைகளின் குரல் தாழ்ந்திருந்தது. எழுந்து நின்று ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

அக்காலத்தில் எதிர்பாராத விதமாகத் திண்ணை மீண்டும் வந்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. தன்னார்வலர்கள், அவர்களுள் பெரும்பாலோர் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள், மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகளை அமர்த்திக் கதை சொன்னார்கள், பாடவைத்தார்கள், எழுதவைத்தார்கள். இடம் கோயில் முற்றமாக இருக்கும், மரத்தடியாக இருக்கும், சில ஊர்களில் உண்மையான திண்ணையாகவே இருக்கும். இம்முறை அத்திண்ணையில் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்; சொல்லிக்கொடுப்பவரும் பெண்ணாக இருந்தார். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பாட்டு, பொம்மலாட்டம், ஆடல் என்று குரலுக்கே முதலிடம் தந்தது. பெரும் இடரொன்றில் திரை கைவிட்ட பல இடங்களில் மனிதக் குரல் கைகொடுத்தது என்பதை நம் காலமே கண்டுவிட்டது.

இப்போது இன்றைய கருவிக்கு வருகிறேன். திறன்மிகு பலகைகளும் கைக்கணினிகளும் தொடக்கப் பள்ளிகள் வரை வந்துவிட்டன. 2022 இறுதியிலிருந்து, கேட்டவுடன் கட்டுரையும் கவிதையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 'பின்வரும் பாடலின் நயம் பாராட்டுக' என்ற வினாவை அதனிடம் கொடுத்தால், எதுகை, மோனை, அணி, சந்தம், சுவை என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதி நீட்டிவிடுகிறது. பல ஆசிரியர்கள் பதறுகிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே. இந்த விடை நமக்குப் புதியதா? இதே தலைப்புகளோடு, இதே வரிசையில், எந்தப் பாடலுக்கும் பொருந்தும் விடையை உரைநூல்களிலிருந்து பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுத, நாம் ஐந்து மதிப்பெண் போட்டுக்கொண்டுதானே இருந்தோம்? நம் வினா பழுதுற்று நெடுநாளாயிற்று. இயந்திரம் வந்து அதனை ஊரறியச் செய்தது.

அதனால் வினாவை மாற்றவேண்டும். அண்மைக் காலமாக எங்கள் ஆசிரியர்களிடையே பகிரப்படும் உத்திகளில் எனக்குப் பிடித்தவை இவ்வகையைச் சேர்ந்தவை. இந்தக் கவிதையில் உன் வீட்டில் எவரும் பேசாத சொல் எது? அதற்கு உன் பாட்டி என்ன சொல் சொல்வார்? கேட்டு வா. எந்த அடியில் உன் குரல் தானாகத் தாழ்ந்தது? ஏன்? இந்தக் கவிதையை மூன்றாம் வகுப்பில் படிக்கும் உன் தம்பிக்குச் சொல். அவன் கேட்ட கேள்வியை எழுதி வா. இவ்வினாக்களுக்கு உரைநூலில் விடை கிடையாது. இயந்திரத்துக்கு அந்தப் பாட்டியையும் தெரியாது, தம்பியையும் தெரியாது. கடைசி வினாவைப் பாருங்கள்: அது பவணந்தியார் கூறிய அரைப் பங்கு.

கைப்பேசியைப் பகையாகக் கொள்ள வேண்டியதில்லை. அதில் ஒலிப்பதிவு என்று ஒரு சிறு வசதி உண்டு. ஒரே கவிதையை நான்கு பிள்ளைகள் நான்கு விதமாகப் படித்துப் பதிவு செய்து, வகுப்பில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கே நிறுத்தினான், எந்தச் சொல்லை அழுத்தினாள் என்பது பற்றி அவர்களுக்குள் எழும் விவாதம், யாப்பிலக்கணத்துக்கும் பொருள் உணர்வுக்கும் ஒருங்கே வழி திறக்கிறது. தன் குரலைத் தானே கேட்டிராத பிள்ளைகள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு 'இன்னொரு முறை படிக்கட்டுமா, ஐயா?' என்று கேட்கிறார்கள். அந்த இன்னொரு முறை மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதுவது போன்றது. அழிக்கலாம், திரும்பச் செய்யலாம், எவரும் சிவப்பு மை இடமாட்டார்கள்.

சீர்திருத்தம் பற்றி ஆசிரியர்கள் சொல்லும் ஒரு குறையை இவ்வவையில் எடுத்துரைக்காவிட்டால் என் கடமை முழுமையாகாது. கருவிகள் பெருகப் பெருக, கற்பித்ததைக் காட்டும் வேலை கற்பிக்கும் வேலையை விழுங்குகிறது. பாடம் நடந்தது என்பதற்குப் படம், பயிற்சி நடந்தது என்பதற்குப் பதிவேற்றம், அதற்கொரு படிவம். இணைப்பு வராத ஊரில் மாடிப்படியில் நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும் ஆசிரியையின் பின்னால் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். தணிக்கைக்கு அஞ்சி அலமாரியைப் பூட்டிய அதே ஏற்பாடு இன்று வேறு உருவில் நிற்கிறது. ஆசிரியரை நம்பாத எந்தச் சீர்திருத்தமும் வகுப்பறையின் வாசல் வரைதான் வரும். அதே வேளையில், நம்பிக்கையைக் கோரும் ஆசிரியர்களாகிய நாங்கள், எங்கள் வகுப்பில் நடப்பதை நடந்தபடியே உடன் பணியாற்றுவோரிடம் சொல்லும் துணிவையும் பெறவேண்டும். நன்னூலின் கணக்கு ஆசிரியருக்கும் பொருந்தும். பயிற்சி வகுப்பில் கேட்டது கால், சக ஆசிரியரோடு பழகியது கால், இன்னோர் ஆசிரியருக்குச் சொல்லிப் பார்ப்பது அரை.

இனி, பத்தாண்டு கண்ட நம் வட்டம் என்ன செய்யலாம் என்பது குறித்து மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, இங்குள்ள கவிஞர்கள் ஒவ்வொருவரும் தம் கவிதைகளில் ஐந்தைத் தம் சொந்தக் குரலில் பதிவு செய்து பள்ளிகளுக்குத் தரவேண்டும். இசையும் வேண்டாம், எதிரொலியும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சின் வாசனை அதில் இருக்கட்டும். கவிஞன் என்றால் பாடநூலில் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் கொண்ட ஒரு படம் என்று பிள்ளைகள் எண்ணியிருக்கிறார்கள். இருமல் இடையிடும் ஒரு குரல் அந்த எண்ணத்தை மாற்றும்.

இரண்டாவது, தமிழைத் தமிழாகவே தட்டச்சு செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் விடுமுறை வகுப்புகளை நாம் நடத்தவேண்டும். 1999-இல் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது, ஒருங்குறியும் நிலைபெற்றுவிட்டது. எனினும் நம் பிள்ளைகள் பலர் அம்மாவுக்கு எழுதும் செய்தியையும் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்கிறார்கள். எழுத்தும் ஒரு கருவி. அது விரல் நுனியிலிருந்து நழுவினால் கவிதைக்கு நிற்க இடமில்லை.

மூன்றாவது, வட்டத்தின் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை ஆசிரியர்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு மாதத்திற்கு ஒரு கவிதை. அதனை வகுப்பில் நடத்திய ஆசிரியர், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் வந்து கூறட்டும். கவிஞர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். தம் கவிதைக்குக் கீழே பாடநூலில் அச்சான வினாக்களுக்குத் தாமே விடையெழுதிப் பார்க்கும் கவிஞருக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பது தனிக் கேள்வி. அதனை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால், தாம் எழுதியதன் இன்னொரு பாதி அங்கே இருப்பதைக் கவிஞர்கள் காண்பார்கள்.

நண்பர்களே, மணல் போயிற்று, ஓலை போயிற்று, சிலேட்டு போய்க்கொண்டிருக்கிறது. இன்றைய திரைகளும் ஒருநாள் போகும். அவற்றின் இடத்தில் வருவது என்னவென்று நம்மால் கூற இயலாது. எது வந்தாலும் அதன் முன் அமரும் பிள்ளையிடம், 'நீ இப்போது எனக்குச் சொல்' என்று கேட்க ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவர் இருக்கும்வரை நம் கவிதைகளுக்கு வாசகர் இருப்பர். அவரை வகுப்பறையில் நிலைநிறுத்துவது கல்விச் சீர்திருத்தம். அவருக்குத் துணை நிற்பது இலக்கிய வட்டத்தின் பணி.